பெல்ஜியன் ப்ளூ மாட்டுக்கு அவ்வளவு சதை எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "பெல்ஜியன் ப்ளூ மாட்டின் வீடியோ பார்த்தேன். பின்தொடை பாடிபில்டர் மாதிரி பிளந்து நிற்கிறது. ஹார்மோன் ஊசியா, மரபணு மாற்றம் செய்ததா? எல்லா மாட்டிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன என்றால் தசை எவ்வளவு வளர வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது?"

ஊசியும் இல்லை, ஆய்வகத்தில் கைவைத்ததும் இல்லை. அந்த மாட்டின் இரண்டாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் டிஎன்ஏவின் 11 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. எப்போதோ தானாக நேர்ந்த பிழை அது. பெல்ஜியத்து விவசாயிகள் சதைப்பிடிப்பான கன்றுகளையே பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்திக்கு வைத்துக்கொண்டதில், பிழை அந்த இனம் முழுவதிலும் நிலைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து மாடு வளர்ப்பதற்கே தடை உண்டு. ஆகவே வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவோடு சுற்றும் 'ஸ்டீராய்டு மாடு' கதையை விட்டுவிடலாம்.

கேள்வியின் கடைசிப் பகுதிக்குத்தான் நீளமான பதில் தேவை. மாட்டின் ஈரல் உயிரணுவிலும் (செல்; இனி சுருக்கமாக 'அணு') தோல் அணுவிலும் தொடைத்தசை அணுவிலும் இருப்பது அதே சுமார் 22,000 மரபணுக்கள்தான். எந்த அணு எந்த மரபணுவை எப்போது படியெடுக்கிறது, எடுத்த படியை எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. தசை விஷயத்தில் இந்தத் தீர்மானங்களில் பெரும்பாலானவை கன்று பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றிலேயே முடிந்துவிடுகின்றன. கன்று வெளியே வந்த பிறகு எவ்வளவு பிண்ணாக்கு போட்டாலும் மாற்ற முடியாத கணக்கு ஒன்று உண்டு. அதுதான் தசை நார்களின் எண்ணிக்கை.

கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் இரு பக்கமும் சின்னச் சின்னத் திசுக் கட்டிகள் வரிசையாக அமைகின்றன. உடலின் தசைக்கும் கால்களின் தசைக்கும் மூல அணுக்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இவற்றில் பாக்ஸ்-3, பாக்ஸ்-7 என்ற இரண்டு மரபணுக்கள் இயங்கிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் அவை தசை ஆகும் தகுதியுள்ள அணுக்கள் மட்டும்தான், இன்னும் தசை ஆகவில்லை. அடுத்து மைஃப்-5, மயோடி என்ற இரண்டும் விழித்துக்கொள்கின்றன. இவை உண்டாக்கும் புரதங்கள் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, பிற தசை மரபணுக்களைப் படியெடுக்க வைப்பவை.

மயோடியின் சக்தி தெரிய வந்தது 1987இல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹரால்ட் வெயின்ட்ராப்பின் குழு, எலியின் இணைப்புத்திசு அணுக்களுக்குள் இந்த ஒரு மரபணுவை மட்டும் செலுத்தியது. அந்த அணுக்கள் தசை அணுக்களாகவே மாறிப்போயின. ஒரே ஒரு மரபணு ஓர் அணுவின் குலத்தையே மாற்றிவிட முடியும் என்று அதுவரை யாரும் நேரில் காட்டியிருக்கவில்லை. அப்படியானால் மயோடி இல்லாவிட்டால் தசையே இருக்காதா என்றால், இருக்கும். மயோடியை நீக்கிய எலிகள் நன்றாகவே பிறந்தன, மைஃப்-5 அந்த வேலையைச் சமாளித்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்து நீக்கியபோதுதான் தசை உருவாகவில்லை. அடுத்த கட்டத்தில் வரும் மயோஜெனின் வேறு ரகம், அதற்கு மாற்று ஆள் கிடையாது. தசை மூல அணுக்கள் பிரிவதை நிறுத்தி, ஒன்றோடொன்று கூடி, பல உட்கருக்கள் கொண்ட நீளமான நாராக உருவெடுக்க அது வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் அணு பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் வரை அது நார் ஆகாது. நாராகிவிட்டால் அப்புறம் அது பிரியாது. எனவே நார்கள் எத்தனை என்பதைத் தீர்மானிப்பது, பெருகுவதை அணுக்கள் எப்போது நிறுத்துகின்றன என்பதுதான். கொஞ்சம் தாமதமாக நிறுத்தினால் மூல அணுக்கள் அதிகம், நார்களும் அதிகம்.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். முதல் இரண்டு மாத வாக்கில் முதல்நிலை நார்கள் அமைகின்றன. இவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பின்னால் வருபவற்றுக்குச் சாரம் கட்டிக் கொடுப்பவை. மூன்றாம் மாதத்திலிருந்து இவற்றை ஒட்டியே இரண்டாம்நிலை நார்கள் கூட்டம் கூட்டமாக உருவாகின்றன. மாட்டில் மூன்றாவதாக ஒரு தலைமுறை நாரும் உண்டு. சுமார் 180 நாளில், ஆறு மாதச் சினையில், கணக்கு முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் மூன்று மாதத்தில் இருக்கும் நார்கள் முதிர்கின்றன, வேகமாகச் சுருங்கும் நார், மெதுவாகச் சுருங்கும் நார் என்று வகை பிரிகின்றன. பிறந்த பிறகு நார்கள் நீளும், தடிக்கும், ஆனால் புதிதாகச் சேர்வது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பாக்ஸ்-7 ஓடும் அணுக்கள் சில தூங்கிக்கொண்டிருக்கும். துணை அணுக்கள் என்று இவற்றைச் சொல்வார்கள், 1961இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கப்பட்டவை. காயத்தை ஆற்றுவதும், வளரும் நாருக்குக் கூடுதல் உட்கரு கொடுப்பதும் இவற்றின் வேலை.

சரி, பெருகியது போதும் என்று அணுக்களுக்கு யார் சொல்வது? சொல்பவர் பலர். அதில் முக்கியமான பிரேக் மயோஸ்டாட்டின் என்ற புரதம். தசை அணுக்களே இதை உண்டாக்கி வெளியே விடுகின்றன. வெளியே வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவதும் இல்லை. முழுப் புரதத்தின் நீளம் 375 அமினோ அமிலம். அதை ஒரு நொதி வெட்ட வேண்டும். வெட்டிய பிறகும் முன்பகுதித் துண்டு பின்பகுதியைக் கட்டிப்பிடித்து முடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடியை இன்னொரு நொதி அறுத்தால்தான், கடைசி 109 அமினோ அமிலங்களால் ஆன செயல்படும் பகுதி விடுதலையாகும். ஃபாலிஸ்டாட்டின் என்ற இன்னொரு புரதம் இடையில் புகுந்து அதையும் பிடித்து வைக்கும். இத்தனையும் தாண்டி மயோஸ்டாட்டின் அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டினால், உள்ளே ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்ற தூதுப் புரதங்கள் உட்கருவுக்குப் போய், அணு பிரிவதை நிறுத்துகின்றன, மயோடியின் அளவையும் குறைக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. நியூசிலாந்தில் ரவி கம்பாதூரின் குழு, மாட்டின் மயோஸ்டாட்டின் மரபணுவுக்கு முன்னால் உள்ள ஒழுங்குபடுத்தும் பகுதியை அலசியபோது, மயோடி வந்து உட்காரக்கூடிய இடங்கள் அங்கே பல இருப்பதைக் கண்டது. தசையை உருவாக்கும் மயோடியேதான் தசையைத் தடுக்கும் மயோஸ்டாட்டினையும் இயக்கி விடுகிறது. மயோஸ்டாட்டின் கூடினால் மயோடி குறையும். மயோடி குறைந்தால் மயோஸ்டாட்டினும் தணியும். தசையின் அளவு என்று தனியாக எந்த மரபணுவிலும் எழுதி வைக்கப்படவில்லை. இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு.

பிரேக் அறுந்தால் என்ன ஆகும் என்பது 1997இல் தெரிந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரானும் சே-ஜின் லீயும் இந்த மரபணுவை எலியில் நீக்கினார்கள். தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்த எலிகள் பிறந்தன. மாட்டு மரபியலாளர்களுக்கு உடனே பொறி தட்டியது. பெல்ஜியன் ப்ளூ மாதிரிச் சதை பெருத்த 'இரட்டைத் தசை' மாடுகளைப் பற்றி இங்கிலாந்தில் 1807இலேயே எழுதியிருக்கிறார்கள். அது ஒற்றை மரபணுவின் வேலைதான் என்பதை பெல்ஜியத்தின் ரோஜர் ஹான்செ 1980களில் கன்றுகளைக் கணக்கெடுத்தே காட்டிவிட்டார். அது இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது என்பதும் 1995இல் தெரிந்துவிட்டது. ஆள் யார் என்பதுதான் பாக்கி. எலி ஆய்வு வெளிவந்த அதே ஆண்டிலேயே பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மிஷெல் ஜார்ஜின் குழு, நியூசிலாந்துக் குழு, மெக்ஃபெரானும் லீயும் என மூன்று தரப்பும் மயோஸ்டாட்டின் என்ற ஒரே விடையோடு வந்து நின்றன.

அந்த 11 எழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது, மூன்றுக்கு ஓர் அமினோ அமிலம். 9 எழுத்தோ 12 எழுத்தோ போயிருந்தால் மூன்று நான்கு அமினோ அமிலம் குறையும், மற்றது பழையபடி இருக்கும். 11 மூன்றால் வகுபடாது. விடுபட்ட இடத்துக்கு அப்புறம் வரும் ஒவ்வொரு மூன்றெழுத்தும் தவறான இடத்தில் பிரிந்து, கொஞ்ச தூரத்திலேயே 'நிறுத்து' என்ற குறி வந்துவிடுகிறது. மயோஸ்டாட்டினின் செயல்படும் 109இல் முதல் 7 மட்டும்தான் சரியாக வருகிறது. பிரேக் முழுவதுமாகப் போயிற்று.

இத்தாலியின் பியெட்மான்டீஸ் மாட்டிலும் இரட்டைத் தசை உண்டு, பிழை மட்டும் வேறு. அங்கே எழுத்து எதுவும் விடுபடவில்லை, ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் 313ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் டைரோசின் வந்து உட்கார்ந்துவிட்டது. புரதத்தின் மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் கந்தகப் பிணைப்பு சிஸ்டீனால் ஆனது. அது போனால் புரதம் உருவாகும், வேலைக்கு ஆகாது. பிரான்சின் ஷரோலே, மேன்-ஆன்ஷு, இத்தாலியின் மார்க்கிஜானா என்று பார்த்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் உடைந்த அதே மரபணு கிடைக்கிறது. தனித்தனி ஊர்களில், சதைப்பிடிப்பை மட்டும் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்தவர்கள், தெரியாமலேயே எல்லாரும் ஒரே மரபணுவில் வந்து முட்டியிருக்கிறார்கள்.

எலியில் இரண்டு மூன்று மடங்கு என்றால் மாட்டில் எவ்வளவு? சராசரியாக 20 சதவீதம் சொச்சம்தான் கூடுதல். வீடியோவில் பார்த்தவர்களுக்கு இது குறைவாகத் தோன்றலாம். தோல் மெலிந்து, அடியில் கொழுப்பே இல்லாததால் பள்ளமும் மேடும் எடுப்பாகத் தெரிகிறது, அதில் பாதி கண்ணின் ஏமாற்று. மாடுகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் தேர்வு செய்து வந்திருப்பதால், அவை ஏற்கெனவே தசை வளர்ச்சியின் எல்லைக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நார்களின் எண்ணிக்கை மட்டும் இரட்டைத் தசைக் கன்றில் பிறக்கும்போதே ஏறக்குறைய இரு மடங்கு. நான் மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கு இங்கேதான் பலிக்கிறது. வேகமாகச் சுருங்கும் வெளிறிய நார்களின் பங்கும் அதிகம். இணைப்புத்திசு குறைவு என்பதால் இறைச்சி மிருதுவாக இருக்கும், கொழுப்புக் கோடு ஓடாது.

இனி விலையைச் சொல்ல வேண்டும். கன்று பெருத்துப் பிறக்கிறது, தாயின் இடுப்பு வழியோ குறுகல். பெல்ஜியன் ப்ளூவில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியன்தான். சொல்லப்போனால் அறுவை சிகிச்சை தேர்ந்த பிறகுதான் இந்த இனமே இந்த வடிவத்துக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே அது பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்த்த சாதாரண மாடு. வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுப்பது நம்பகமான வேலையாக மாறியதும், கன்று எவ்வளவு பெருத்தாலும் பரவாயில்லை என்று தேர்வு தாறுமாறாக ஓடியது. உடலளவோடு பார்த்தால் இதயம், நுரையீரல், குடல் எல்லாம் சிறியவை. வெயிலும் நடையும் சீக்கிரம் களைப்பாக்கும். சில கன்றுகளுக்கு நாக்கு தடித்துப் பால் குடிப்பதே சிரமம். ஒரு விலங்கால் தன் கன்றைத் தானே ஈன முடியாத நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதைச் சாதனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரேக்கை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, லேசாகத் தளர்த்தலாம். லிமூசின் இனத்தில் பரவலாக இருக்கும் ஒரு மாற்றம் இதற்கு நல்ல உதாரணம். மயோஸ்டாட்டினின் 94ஆவது இடத்தில் ஃபெனைல்அலனின் போய் லியூசின் வந்திருக்கிறது. அது செயல்படும் பகுதியில் இல்லை, முன்பகுதித் துண்டில் இருக்கிறது. விளைவு மிதமானது. தசை கூடுகிறது, ஈற்றுச் சிக்கல் சொல்லும்படி இல்லை.

இதைவிட நுட்பமான ஒரு வழியை ஒரு செம்மறி காட்டித் தந்தது. மாட்டை விட்டு விலகுகிறேன், ஆனால் மரபணு ஒழுங்குமுறை என்றால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெதர்லாந்தின் டெக்ஸெல் ஆடுகளும் சதைப்பிடிப்பானவை. அவற்றின் மயோஸ்டாட்டினில் புரதத்தைப் பாதிக்கும் பிழை ஒன்றுகூட இல்லை. ஜார்ஜின் குழு 2006இல் காரணத்தைக் கண்டுபிடித்தது. புரதத்துக்கான வரிகள் முடிந்த பிறகு, மரபணுவின் படியான ஆர்என்ஏவின் வால் பகுதியில் 'ஜி' என்ற ஓர் எழுத்து 'ஏ' ஆகியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் அங்கே மைக்ரோ ஆர்என்ஏ-1, மைக்ரோ ஆர்என்ஏ-206 ஆகியவை வந்து ஒட்டும் இடம் புதிதாக உருவாகிவிட்டது. இவ்விரண்டும் தசையில் மலிந்து கிடப்பவை, தாம் ஒட்டிய ஆர்என்ஏ புரதமாவதைத் தடுப்பவை. மரபணு நன்றாக இருக்கிறது, படி எடுக்கப்படுகிறது, படி வழியிலேயே மடக்கப்படுகிறது. மரபணு முழுசாக இருந்தால் புரதமும் முழு அளவில் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஆட்டைத்தான் காட்டுவேன்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாட்டுத் தசையில் புரதமாகாத ஆர்என்ஏக்கள் பற்றிய ஆய்வுகள் குவிந்துவிட்டன, சீனாவிலிருந்து குறிப்பாக. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2017இல் வெளியான ஆய்வில், கருவிலுள்ள மாட்டுத் தசையையும் வளர்ந்த மாட்டுத் தசையையும் ஒப்பிட்டு, சர்க்-எல்எம்ஓ-7 என்ற வட்ட வடிவ ஆர்என்ஏவைக் கண்டார்கள். மைக்ரோ ஆர்என்ஏ-378ஏ-யைப் பிடித்து வைத்துக்கொண்டு, தசை மூல அணுக்கள் நாராவதைத் தாமதப்படுத்துகிறது, பெருகுவதை ஊக்குவிக்கிறது என்பது முடிவு. இந்த வகைக் கட்டுரைகளில் 'இது அதைப் பிடிக்கிறது, அது இதை விடுகிறது' என்ற படம் கடைசிப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுவில் அது உண்மைதான். உயிருள்ள மாட்டின் தொடையில் அதன் பங்கு எவ்வளவு என்று அளந்தவை மிகச் சில. இந்தக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு பக்கம், கேட்டில் ஜிடெக்ஸ் என்ற பன்னாட்டு முயற்சி 2022இல் 7,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் தொகுத்து, டிஎன்ஏவின் எந்த வேறுபாடு எந்தத் திசுவில் எந்த மரபணுவின் அளவை மாற்றுகிறது என்று பட்டியல் போட்டது. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

தீவனம் பற்றியும் ஒரு வார்த்தை. நார்களின் எண்ணிக்கை சினையின் நடுப்பகுதியில் முடிவாகிறது என்பதால், அந்தச் சமயம் தாய் பட்டினி கிடந்தால் இரண்டாம்நிலை நார்கள் குறைகின்றன. வளரும் கருவுக்கு மூளையும் இதயமும் முதலில், தசை கடைசியில். நம் ஊர்களில் சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று மாதம் கூடுதல் தீவனம் வைக்கச் சொல்வார்கள். அது பாலுக்கும் கன்றின் எடைக்கும் சரியான யோசனை. இறைச்சிக்காக வளர்ப்பவர் என்றால் நான்காம் மாதத்திலிருந்தே கவனிக்க வேண்டும்.

கேள்விக்குக் கீழே வந்த இரண்டு துணைக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜிம்களில் 'மயோஸ்டாட்டின் பிளாக்கர்' என்று டப்பாவில் விற்கிறார்களே என்றார் ஒருவர். தசைச் சிதைவு நோயாளிகளுக்காக மருந்து நிறுவனங்கள் பெரும் பணம் போட்டு உருவாக்கிய மயோஸ்டாட்டின் எதிர்ப்பு மருந்துகளே அந்த நோயில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. டப்பாப் பொடி என்ன செய்யும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தவிர, வளர்ந்த ஆளுக்கு நார்களின் எண்ணிக்கை எப்போதோ முடிந்த கணக்கு.

'பெல்ஜியன் ப்ளூ காளையின் உறைவிந்தைப் பிற மாட்டுக்குப் போட்டால்?' என்றார் இன்னொருவர். ஐரோப்பாவில் கறவை மாடுகளுக்கு இதைச் செய்கிறார்கள். பிறக்கும் கன்றுக்கு உடைந்த பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று. பிரேக் பாதியாவது பிடிப்பதால் தசை ஓரளவுதான் கூடும், ஈற்றும் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அந்தக் கலப்புக் கிடாரியை மறுபடியும் பெல்ஜியன் ப்ளூவுக்கே சேர்த்தால் பாதிக் கன்றுகளுக்கு இரண்டு பிரதியும் உடைந்திருக்கும், அப்போது சிசேரியனுக்குத் தயாராக இருக்க வேண்டும். மரபணுத் திருத்தமும் வந்துவிட்டது. 2015இல் பிரிட்டன், அமெரிக்க ஆய்வாளர்கள் நெலோர் இனக் கருக்களில் இதே மரபணுவை வெட்டிக் கன்று பிறக்கவைத்தார்கள். நெலோர் என்பது நம் ஓங்கோல் மாட்டின் பிரேசில் வழித்தோன்றல். ஆகவே யாராவது 'இரட்டைத் தசை' என்று விந்தோ கன்றோ விற்க வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: மயோஸ்டாட்டினில் எந்த மாற்றம், ஒரு பிரதியா இரண்டா.